பக்கத்துக் கடையின் பூஸ்ட்: ஊவாவில் போட்டியாளரின் விளம்பரத்தை வாசிப்பது எதற்கு உதவும்?

போட்டியாளர் எப்படி விளம்பரம் செய்கிறார் என்று கவனித்தால் நம் விளம்பரம் தேறுமா? நூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கேள்விக்குப் பதில்கள் வந்துகொண்டிருக்கின்றன. நன்றாக ஓடுகிற விளம்பரத்தைப் பின்பற்று என்றார்கள் சிலர். பின்பற்றுவதுதான் கேடு, விலகி நில் என்றார்கள் வேறு சிலர். இரண்டும் வேண்டாம், உன்னுடையதை நீயே சோதித்துப் பார் என்ற மூன்றாவது தரப்பும் உண்டு. 2019 மார்ச்சில் பேஸ்புக் தன் விளம்பர நூலகத்தை எல்லா வகை விளம்பரங்களுக்கும் திறந்துவிட்ட பிறகு இந்தப் பழைய விவாதம் சிறு வியாபாரிகளின் கைக்கும் வந்துவிட்டது. அதற்கு முன் போட்டியாளரின் இணைய விளம்பரம் தற்செயலாகக் கண்ணில் பட்டால்தான் உண்டு. இப்போது இலங்கையின் ஊவா மாகாணத்துப் பதுளை பஸ் நிலையத்தில் நின்றபடி, பேஸ்புக் கணக்குக்கூட இல்லாமல், எவரும் எவருடைய விளம்பரத்தையும் தேடிப் பார்க்கலாம்.

எல்லயில் விருந்தினர் விடுதி நடத்துபவர், பண்டாரவளையில் தேயிலைப் பொதி விற்பவர், பதுளை டவுனில் ரியூசன் வகுப்பு வைத்திருக்கும் ஆசிரியர், பசறைப் பக்கத் தோட்டமொன்றில் வீட்டிலிருந்தே கேக் செய்து கொடுக்கும் பெண் என்று பலரும் இன்று பணம் கட்டிப் பதிவை விளம்பரமாக்கும் ‘பூஸ்ட்’ போடுகிறார்கள். சந்தைப்படுத்தல் நூல்கள் இவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை அல்ல. அந்நூல்களின் முடிவுகளில் எவை ஊவாவில் செல்லும், எவை செல்லாது என்பதே இங்கே விசாரணை.

## ஏல அறிக்கையும் விளம்பர நூலகமும்

போட்டியாளர்மீது ஒரு கண் வைத்திருப்பது ஊவாவுக்குப் புதிதல்ல. கொழும்புத் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது. வாராவாரம் ஏலம் முடிந்ததும் தரகு நிறுவனங்கள் அறிக்கை வெளியிடும். எந்தத் தோட்ட மார்க், எந்தத் தரம், என்ன விலைக்குப் போனது என்பதெல்லாம் அதில் வந்துவிடும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை, வறண்ட கச்சான் காற்று ஊவா மலைகளில் வீசித் தேயிலைக்குத் தனி மணம் ஏறும் பருவத்தில், அந்த அறிக்கையின் மதிப்பு இன்னும் கூடும். பக்கத்துத் தோட்டத்தின் பி.ஓ.பி. தரத் தேயிலை நம்முடையதைவிடக் கிலோவுக்கு எவ்வளவு கூடப் போனது என்பது யாருக்கும் ஒளிவு மறைவில்லை. மறைந்திருப்பது செய்முறைதான். கொழுந்தை எவ்வளவு நேரம் வாட்டினார்கள், எந்தக் கட்டத்தில் சூட்டுக்கு அனுப்பினார்கள் என்பது அந்தத் தொழிற்சாலையின் டீமேக்கரோடு நின்றுவிடும்.

விளம்பர நூலகம் இதை அப்படியே தலைகீழாக்குகிறது. போட்டியாளரின் செய்முறையில் பெரும்பகுதி அங்கே திறந்து கிடக்கிறது. என்ன படம், என்ன வாசகம், எந்த மொழி, எந்தத் திகதியில் தொடங்கியது, எத்தனை வடிவங்களில் ஓடுகிறது, வட்ஸ்அப்புக்கு அழைக்கிறதா இணையத்தளத்துக்கு அனுப்புகிறதா என்பதெல்லாம் தெரியும். அது என்ன விலைக்குப் போனது, அதாவது எத்தனை பேர் அதைப் பார்த்து வாங்கினார்கள் என்பது தெரியாது. ஏல அறிக்கையைப் படித்துப் பழகிய கண்ணோடு இந்த நூலகத்தைப் படித்தால் பிழைபடும். அங்கே விளைவு தெரிந்தது, வழியை ஊகித்தார்கள். இங்கே வழி தெரிகிறது, விளைவை ஊகிக்க வேண்டியிருக்கிறது. கீழே வரும் மூன்று நிலைப்பாடுகளும் உண்மையில் இந்த ஊகத்தை எப்படிச் செய்வது என்பதில்தான் பிரிகின்றன.

## லிப்டன் யாரைப் பார்த்தார்?

இந்த விவாதத்தின் பழைய சாட்சி ஒன்று ஊவாவிலேயே இருக்கிறது. தாமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து ஹப்புத்தளைப் பக்கத்தில் தோட்டங்களை வாங்கினார். தம்பேத்தன்னத் தொழிற்சாலை அந்தக் காலத்தது. அவர் அப்போது கிளாஸ்கோவில் தொடங்கி பிரிட்டன் எங்கும் கிளை பரப்பிய மளிகைக் கடைக்காரர். தேயிலைக்கு அவர் செய்த விளம்பரத்தை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது பயனுள்ளது.

எடை அச்சிட்ட பொதியில் தேயிலை விற்றதை அவருடைய புதுமையாகச் சொல்வதுண்டு. ஆனால் ஹோர்னிமன் நிறுவனம் 1826லேயே பொதித் தேயிலை விற்கத் தொடங்கியிருந்தது. பெரிய அளவிலான தெரு விளம்பரத்திலும் அவர் தனியாள் அல்லர். மசாவத்தி என்ற போட்டி நிறுவனத்தின் எனாமல் பலகைகள் பிரிட்டிஷ் ரயில் நிலையங்களை நிறைத்திருந்த காலம் அது. இவ்விரண்டும் மற்றவர்களிடம் ஏற்கெனவே இருந்தவை. மற்றவர்கள் சொல்லாத ஒன்றை அவர் சொன்னது வேறிடத்தில்: தேயிலை தன் சொந்தத் தோட்டத்திலிருந்து இடைத்தரகர் இன்றி நேராக வாடிக்கையாளரின் கேத்தலுக்கு வருகிறது என்ற உரிமைகோரல், அதற்குத் துணையாகக் கூடை சுமந்து கொழுந்து பறிக்கும் பெண்ணின் படம். அவர் விற்ற தேயிலையில் பெரும்பங்கு பிறரிடம் வாங்கியதே என்பதை வரலாற்றாசிரியர்கள் சுட்டுவார்கள். என்றாலும் விளம்பரம் நிலைத்துவிட்டது. பிரிட்டிஷ் விளம்பரங்களில் காலனிய மக்களின் உருவத்தை ஆராய்ந்த ஆனந்தி ராமமூர்த்தி 2003இல் வெளியிட்ட நூலில் தேயிலை விளம்பரங்களுக்குத் தனி இடம் உண்டு. தோட்ட வாழ்வின் கடுமையை மறைத்து அமைதியான பசுமைக் காட்சியாகக் காட்டும் வழக்கம் அந்நாளில் உருவானது.

ஒரே லிப்டனைப் பின்பற்றுவோர் தரப்பும் சான்றாகக் காட்டலாம், விலகி நிற்போர் தரப்பும் காட்டலாம். வடிவத்தைக் கடன் வாங்கினார், உரிமைகோரலைப் புதிதாக்கினார். பின்னாளில் இந்தப் பிரிவினையைப் பலர் மறந்துவிட்டதால்தான் விவாதம் இவ்வளவு நீண்டது என்று எண்ண இடமுண்டு.

## நூலகம் காட்டுவதும் காட்டாததும்

நிலைப்பாடுகளுக்குப் போகுமுன் கருவியின் எல்லையைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இதில் ஊவாவிலிருந்து பார்க்கும்போது தெரியும் சில விசித்திரங்கள் இருக்கின்றன.

நூலகம் வியாபாரிகளுக்காகப் பிறந்ததல்ல. 2016 அமெரிக்கத் தேர்தலில் வெளிநாட்டார் பணம் கட்டி விளம்பரம் செய்தது தெரியவந்து எழுந்த நெருக்குதலால், 2018 மேயில் அரசியல் விளம்பரங்களின் காப்பகமாகத் தொடங்கியது. அந்தப் பிறப்பின் தடம் இன்றும் இருக்கிறது. அரசியல் என்று வகைப்படுத்தப்படும் விளம்பரம் ஏழு ஆண்டுகள் காப்பகத்தில் இருக்கும். யார் பணம் கட்டினார், ஏறத்தாழ எவ்வளவு, எத்தனை முறை காட்டப்பட்டது என்பதெல்லாம் வரம்புகளாகத் தெரியும். சாதாரண வியாபார விளம்பரத்துக்கு இலங்கையில் இவற்றில் ஒன்றும் இல்லை. அது ஓடிக்கொண்டிருக்கும் வரை காணலாம், நின்றதும் மறைந்துவிடும். 2024 நவம்பர் 14 பொதுத் தேர்தலுக்குப் பதுளை மாவட்டத்தில் போட்டியிட்டவர் முறைப்படி அறிவித்துச் செய்த விளம்பரத்தின் செலவை மதிப்பிடலாம், எதிர்க்கடைத் துணிக்காரர் தீபாவளிக்குச் செலவிட்டதை மதிப்பிட முடியாது.

இதைவிட விந்தையானது ஐரோப்பியச் சட்டத்தின் விளைவு. ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்மச் சேவைகள் சட்டம் 2023 ஓகஸ்ட் முதல் மிகப் பெரிய தளங்களைக் கட்டுப்படுத்துகிறது. அதன் 39ஆம் உறுப்பின்படி, ஒன்றியத்துக்குள் காட்டப்பட்ட எந்த விளம்பரமும் கடைசியாகக் காட்டப்பட்ட நாளிலிருந்து ஓராண்டு காப்பகத்தில் இருக்க வேண்டும். எத்தனை பேரை எட்டியது, எந்த வயதினரைக் குறிவைத்தது, எந்தெந்த நாட்டில் எவ்வளவு என்பதும் தெரிய வேண்டும். ஆகவே ஜெர்மனிக்கோ பிரான்ஸுக்கோ விளம்பரம் அனுப்பும் எல்ல விடுதிக்காரர், அதே சந்தையைக் குறிவைக்கும் இன்னொரு விடுதியின் ஓராண்டு வரலாற்றையே விரித்துப் படிக்கலாம். இருபது கிலோமீற்றருக்குள் பதுளையில் இருக்கும் ரியூசன் ஆசிரியருக்குப் போட்டி வகுப்பின் இன்றைய விளம்பரம் மட்டுமே கிடைக்கும். விடுதிக்காரருக்கும் இந்த வசதி அரைகுறைதான். இலங்கைக்கு அதிகம் வரும் இந்தியப் பயணிகளுக்குக் காட்டப்படும் விளம்பரம் ஒன்றியச் சட்டத்தின் கீழ் வராது. ரஷ்யாவிலோ பேஸ்புக்கும் இன்ஸ்டகிராமும் 2022 மார்ச் முதல் முடக்கப்பட்டிருக்கின்றன.

மற்றத் தளங்களில் நிலைமை இதைவிட மெலிவு. கூகுள் 2023 மார்ச்சில் தன் விளம்பர வெளிப்படை மையத்தைத் திறந்தது. அடையாளம் சரிபார்க்கப்பட்ட விளம்பரதாரர்களை அதில் தேடலாம். டிக்டொக்கின் காப்பகம் பெரும்பாலும் ஐரோப்பாவோடு நின்றுவிடுகிறது. ஊவாவின் விளம்பரத்தில் ஒரு பெரும்பகுதி எந்த நூலகத்திலும் ஏறாது என்பதையும் மறந்துவிடக் கூடாது. வட்ஸ்அப் ஸ்டேட்டஸ், தோட்டத்துக் குழுக்கள், பேஸ்புக் குழுமங்களில் இலவசமாகப் போடும் பதிவுகள், முச்சக்கரவண்டியில் ஒலிபெருக்கி கட்டி லயங்களுக்கு இடையே போகும் அறிவிப்பு, சுவரொட்டி. நூலகத்தில் ஒருவர் இல்லை என்றால் அவர் விளம்பரமே செய்யவில்லை என்று முடிவு கட்டுவது அபாயம்.

## பின்பற்று என்போர்

முதல் நிலைப்பாட்டுக்குக் கோட்பாட்டு அடித்தளம் பொருளியலில் இருந்து வந்தது. ஆர்மன் அல்கியன் 1950இல் எழுதிய கட்டுரையில், நிச்சயமின்மை நிறைந்த சூழலில் வெற்றி பெற்றவரைப் பின்பற்றுவது அறிவார்ந்த செயலே என்று வாதிட்டார். எது சரியான வழி என்று கணக்கிட முடியாதபோது, பிழைத்து நிற்பவரின் வழக்கத்தை எடுத்துக்கொள்வது குறைந்த செலவில் கிடைக்கும் அறிவு. மைக்கல் போர்ட்டர் 1980இல் போட்டியாளர் ஆய்வை நிறுவன உத்தியின் நிரந்தரப் பகுதியாக்கினார். விளம்பரத் தொழிலிலோ நல்ல விளம்பரங்களை வெட்டிக் கோப்பில் சேர்க்கும் பழக்கம் இவற்றுக்கெல்லாம் முந்தியது.

இன்றைய சமூக ஊடக ஆலோசகர்கள் இதிலிருந்து ஒரு விதியை எடுத்திருக்கிறார்கள். நீண்ட நாள் ஓடும் விளம்பரம் இலாபம் தருகிறது, இல்லாவிட்டால் நிறுத்தியிருப்பார்கள். நூலகத்தில் தொடக்கத் திகதி தெரிவதால் இது எளிதான விதி. பெரிய நிறுவனங்கள் விடயத்தில் ஓரளவு பொருந்தவும் கூடும். ஊவாவின் சிறு வியாபாரத்தில் இது இரண்டு வழியாலும் உடைகிறது. இங்கே பெரும்பாலோர் செய்வது பூஸ்ட். ஐந்து நாள், இவ்வளவு பணம் என்று முன்கூட்டியே முடிவு செய்து போடுவது. ஐந்தாம் நாள் அது நின்றால் தோற்றுவிட்டது என்று பொருளல்ல, குறித்த நாள் முடிந்துவிட்டது என்றுதான் பொருள். மறுபக்கம், மாதக்கணக்கில் ஓடுவதும் வெற்றிக்குச் சான்றாகாது. கணக்கை அமைத்துக் கொடுத்த பையன் கொழும்புக்கு வேலைக்குப் போயிருக்கலாம். அதை நிறுத்தத் தெரிந்த வேறு ஆள் கடையில் இல்லாமலிருக்கலாம்.

இரண்டாவது குறை ஆழமானது. அபிஜித் பானர்ஜியும், தனியாக பிக்சந்தானி, ஹிர்ஷ்லைஃபர், வெல்ச் ஆகியோரும் 1992இல் வெளியிட்ட ஆய்வுகள், ஒவ்வொருவரும் முந்தியவரைப் பார்த்து முடிவெடுத்தால் கூட்டம் முழுவதும் தவறான பக்கம் சாயக்கூடும் என்று காட்டின. முதலில் போனவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போய்விடுகிறது. எல்ல விடுதிகளின் விளம்பரங்களில் 1921இல் திறந்த ஒன்பது வளைவுப் பாலமும் அதன்மேல் போகும் நீல ரயிலும் திரும்பத் திரும்ப வருவதை இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். பாலத்தின் படம் அறையை விற்கிறதா, பாலத்தை மட்டும் விற்கிறதா என்று யாரும் அளந்ததாகத் தெரியவில்லை. பாலத்தைப் பார்க்க வருகிறவர் எந்த விடுதியிலும் தங்கலாம்.

## விலகி நில் என்போர்

இதற்கு எதிர்முனை, போட்டியாளரைப் பார்ப்பதே உன்னை அவர் போலாக்கிவிடும் என்ற எச்சரிக்கை. கிம், மொபோர்ன் இருவரும் 2005இல் எழுதிய ‘நீலக் கடல்’ உத்தி நூல் இதைப் பரவலாக்கியது. 2010இல் பைரன் ஷார்ப் வேறொரு கோணத்தில் வந்தார். பொருளில் பெரிய வேறுபாடு காட்டத் தேவையில்லை, பார்த்தவுடன் இன்னார் என்று அடையாளம் தெரிந்தால் போதும் என்பது அவர் கருத்து. இந்தப் பார்வையில் போட்டியாளரின் விளம்பரத்தைப் படிப்பதற்கு ஒரே காரணம், அவருடைய நிறத்தையும் படத்தையும் தவிர்ப்பது.

இலங்கைத் தேயிலையில் இதற்குச் சிறந்த உதாரணம் டில்மா. 1980களின் பிற்பாதியில் மெரில் ஜே. பெர்னாண்டோ ஆஸ்திரேலியச் சந்தைக்குள் நுழைந்தபோது அங்கிருந்த பெரிய பெயர்கள் பல நாட்டுத் தேயிலையைக் கலந்து விற்பவை. அவர் ஒரே நாட்டுத் தேயிலை, விளைந்த நாட்டிலேயே பொதி செய்தது என்று சொன்னார். விளம்பரப் படத்தில் தாமே தோன்றிப் பேசினார். 2023இல் அவர் மறையும் வரை அந்த முகமே அடையாளமாக இருந்தது. இதைத் திரும்பிப் பார்த்தால், அவர் போட்டியாளரைப் புறக்கணிக்கவில்லை என்பது விளங்கும். அவர்கள் எதைச் சொல்ல முடியாது என்று கூர்ந்து படித்ததன் விளைவு அது. கலப்புத் தேயிலை விற்பவர் ஒரே நாட்டுத் தேயிலை என்று சொல்லவே முடியாது. விலகி நிற்பதற்கும் முதலில் வாசிக்க வேண்டியிருக்கிறது.

இந்தத் தரப்பின் பலவீனம் சான்றில் இருக்கிறது. ஷார்ப்பின் முடிவுகள் பெரும்பாலும் சவர்க்காரம், பானம் போன்ற அன்றாடப் பொருள்களின் பெரிய சந்தைகளிலிருந்து வந்தவை. பத்து அறை விடுதிக்கோ, ஒரு தோட்டத்தின் நான்கு டிவிஷனுக்குள் விற்கும் கேக்குக்கோ அவை எவ்வளவு பொருந்தும் என்பது தனிக் கேள்வி. தெரிந்த முகத்திடம் வாங்கும் இடத்தில் அடையாளம் ஏற்கெனவே இருக்கிறது. அங்கே பிறர் போல இருப்பதுகூடச் சில வேளை உதவும்: ரியூசன் விளம்பரத்தில் பாடம், நேரம், கட்டணம், கடந்த பெறுபேறு என்ற வழக்கமான வரிசையை மாற்றினால் பெற்றோர் குழம்பக்கூடும்.

## சோதித்துப் பார் என்போர்

கிளாட் ஹொப்கின்ஸ் 1923இல் எழுதிய அறிவியல் விளம்பரம் பற்றிய நூல் மூன்றாம் தரப்பின் மூலநூல். ஒவ்வொரு விளம்பரத்திலும் தனிக் குறியீடு கொண்ட கூப்பனை வைத்து, எது எத்தனை கூப்பன் திரும்பக் கொண்டுவந்தது என்று எண்ணுவது அவர் முறை. பிறர் கருத்து, தன் கருத்து இரண்டையும் நம்பாதே, எண்ணு என்பதுதான் சாரம். இன்று பேஸ்புக்கே இரு வடிவங்களை ஒப்பிடும் வசதியைத் தருவதால் இந்தத் தரப்பு வலுப்பெற்றது போலத் தோன்றும். அண்மைய ஆய்வுகள் அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் அசைத்திருக்கின்றன.

இபே நிறுவனம் கூகுளில் தன் சொந்தப் பெயருக்குச் செய்துவந்த விளம்பரத்தை நிறுத்திப் பார்த்தபோது, அந்த வருகை கிட்டத்தட்ட முழுவதும் இலவச இணைப்பு வழியாகவே வந்துசேர்ந்தது. பிளேக், நோஸ்கோ, டடெலிஸ் மூவரின் இந்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. பெருந்தொகை செலவிடும் நிறுவனமே தன் விளம்பரம் வேலை செய்கிறதா என்று அறியாமல் இருந்திருக்கிறது. அதே ஆண்டில் லூயிஸும் ராவும், விளம்பரத்தின் வருவாயை நம்பத்தக்க அளவில் அளக்க மிகப் பெரிய பரிசோதனைகள்கூடப் பல வேளை போதாது என்று காட்டினார்கள். பேஸ்புக்கில் நடந்த 15 பரிசோதனைகளை வைத்து கோர்டனும் உடன் ஆய்வாளர்களும் 2019இல் எழுதியதும் இதையொட்டியதே: பரிசோதனை இல்லாமல் புள்ளிவிவர உத்திகளால் மட்டும் கணித்த விளைவு உண்மையிலிருந்து வெகுவாக விலகியது.

சிறு வியாபாரிக்கு இதை எண்ணிக்கையாக்கிப் பார்ப்போம். இரண்டு விளம்பரங்கள். ஒன்றைப் பார்த்த நூறு பேரில் இரண்டு பேர் செய்தி அனுப்புகிறார்கள், மற்றதில் இரண்டரை. இந்த வேறுபாடு தற்செயல் அல்ல என்று வழக்கமான புள்ளிவிவர அளவுகோலின்படி சொல்ல, ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 14,000 பேர் வேண்டும். பதுளை மாவட்டத்தில் தமிழ்மொழி மூல உயர்தர வகுப்புக்கு அவ்வளவு மாணவர்கள் இருப்பார்களா என்பதே சந்தேகம். பணமும் இடிக்கிறது. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. அப்போதைய மாற்று விலையில் ஐந்து டொலர் பூஸ்ட் அதைத் தாண்டும். லயத்து வீட்டிலிருந்து விற்கும் பெண்ணிடம் சோதித்துப் பார் என்று சொல்வது, ஒரு நாள் சம்பளத்தைப் பதில் தராத கேள்விக்குக் கட்டு என்று சொல்வதாகும்.

தளத்தின் படிமுறையும் குறுக்கே வருகிறது. அலியும் உடன் ஆய்வாளர்களும் 2019இல் காட்டியபடி, ஒரே பணம், ஒரே குறிவைப்பு என்றாலும் படத்தை மாற்றினால் பேஸ்புக் விளம்பரத்தை வேறுபட்ட ஆண் பெண் விகிதத்துக்கும், வேறுபட்ட இனத்தவருக்கும் கொண்டுபோகிறது. ஆகவே இரு விளம்பரங்களை ஒப்பிடுகிறோம் என்று நினைக்கையில் இரு வேறு கூட்டங்களை ஒப்பிட்டுக்கொண்டிருக்கலாம். போட்டியாளரின் படத்தை அப்படியே எடுத்துப் போட்டவருக்கு வேறு விளைவு வருவதற்கும் இதுவே ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

இங்கேதான் முடிச்சு. சோதிக்க வசதியில்லாதவருக்கே பின்பற்றும் ஆசை அதிகம். ஆனால் அவர் பார்க்கும் போட்டியாளரும் அவரைப் போலவே சோதிக்க வசதியில்லாதவர். சோதித்துத் தேர்ந்த விளம்பரம் வேண்டுமானால் கொழும்பின் ஹோட்டல் குழுமத்தையோ மூணாறின் பெரிய ரிசோட்டையோ பார்க்க வேண்டும். அவர்களுடைய வாடிக்கையாளர் வேறு, விலை வேறு, பதில் சொல்ல அமர்த்திய ஆட்கள் வேறு. அருகில் இருப்பவரிடம் சான்று இல்லை. சான்று இருக்கக்கூடியவர் நம் நிலையில் இல்லை.

## போட்டியாளர் யார் என்பதே சிக்கல்

மூன்று தரப்பும் போட்டியாளர் யார் என்பது தெரிந்த விடயம் என்று எடுத்துக்கொள்கின்றன. ஊவாவில் அது அவ்வளவு தெளிவில்லை. 2020இல் பாடசாலைகள் மூடப்பட்ட பிறகு தமிழ்மொழி மூல ரியூசன் பெரிதும் சூமுக்கு மாறியது. பதுளை ஆசிரியரின் போட்டியாளர் அடுத்த தெருவில் இல்லை, யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருக்கிறார். நூலகத்தில் ‘பதுளை’ என்று தேடினால் அவர் சிக்கமாட்டார். பாடப் பெயரைத் தமிழில் இட்டுத் தேட வேண்டும்.

1930களின் தேயிலைத் துறை இதற்கு ஒரு முன்னோடி. விலை வீழ்ந்த நாட்களில் இலங்கை 1932இல் தேயிலைப் பிரசார சபையை அமைத்தது. 1933இல் இலங்கை, இந்தியா, டச்சுக் கிழக்கிந்தியா மூன்றும் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த உடன்பட்டன. 1935இல் சந்தையை விரிக்கும் சர்வதேச சபை ஒன்றும் உருவானது. ஒருவரை ஒருவர் கண்காணித்துக்கொண்டிருந்தவர்கள், தங்கள் போட்டி கோப்பியோடும் பிற பானங்களோடும்தான் என்று கருதிப் பணத்தைச் சேர்த்து விளம்பரம் செய்தார்கள். எல்லயின் சிறு விடுதிகளுக்கு உண்மைப் போட்டி பக்கத்து விடுதியா, பயணிகள் முன்பதிவுத் தளங்கள் எடுக்கும் தரகுப் பங்கா என்ற கேள்வி இதே வகையைச் சேர்ந்தது.

மொழியும் போட்டியாளரைப் பிரிக்கிறது. 2012 கணக்கெடுப்பின்படி பதுளை மாவட்ட மக்கள்தொகை 815,000க்குச் சற்று அதிகம். அதில் இந்திய வம்சாவளித் தமிழராகப் பதிவானவர்கள் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. ஒரே கடை சிங்களத்தில் ஒன்றும் தமிழில் ஒன்றுமாக விளம்பரம் போட்டால் நூலகத்தில் அவை தனித்தனியே நிற்கும். சிங்களத்தில் விலையைச் சொல்லிவிட்டுத் தமிழில் ‘இன்பொக்ஸ்’ என்று விடுகிறவரைக் கண்டுபிடிப்பது பின்பற்றுவதற்கும் விலகுவதற்கும் அப்பாற்பட்ட பயன். விளம்பரத்தின் கீழே வரும் பின்னூட்டங்களும் அப்படித்தான். ரொபர்ட் கொசினெட்ஸ் 1990களில் இணையக் குழுமங்களைக் கவனித்தறியும் ஆய்வுமுறையை உருவாக்கினார். அதன் எளிய வடிவம், போட்டியாளரின் விளம்பரத்தின் கீழ் மக்கள் திரும்பத் திரும்பக் கேட்டும் பதில் கிடைக்காத கேள்விகளைக் குறித்துக்கொள்வது. தோட்டத்துக்குக் கொண்டுவந்து தருவீர்களா, தவணைக்குத் தருவீர்களா என்ற கேள்வி பத்து விளம்பரத்தின் கீழ் பதிலின்றிக் கிடந்தால், அது எந்தப் படத்தையும் வாசகத்தையும்விடப் பெறுமதியான தகவல். பின்னூட்டம் இடுபவர் எல்லாரும் வாங்குபவர் அல்லர் என்ற எச்சரிக்கையோடுதான் இதையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

## சட்டத்தின் வேலி

பார்ப்பதற்குத் தடையில்லை. எடுத்தாள்வதற்கு உண்டு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 160ஆம் பிரிவு, வாடிக்கையாளரைக் குழப்புவதையும் போட்டியாளரின் பெயரைக் கெடுப்பதையும் நேர்மையற்ற போட்டியாகக் கொள்கிறது. அதே ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் பிழையான வழிநடத்தலைத் தடுக்கிறது. தேயிலைக்காரர் இன்னொருவரின் பொதியில் இருக்கும் சிங்க இலச்சினையைப் பார்த்துத் தானும் போட்டுவிட முடியாது. அது தூய இலங்கைத் தேயிலைக்கு, இலங்கையிலேயே பொதி செய்ததற்கு, தேயிலைச் சபையின் அனுமதியோடு கிடைப்பது. வாடிக்கையாளர் போல நடித்து எதிர்க்கடையின் வட்ஸ்அப்பில் விலைப்பட்டியல் கேட்பதைச் சட்டம் நேரடியாகத் தொடாவிட்டாலும், போட்டித் தகவல் சேகரிப்பாளர்களின் தொழில்முறை ஒழுக்கக்கோவை அதை ஏற்பதில்லை. பதுளையில் அது சாதாரணமாக நடப்பது வேறு விடயம். கொழுந்து பறிக்கும் பெண்ணின் படமோ லிப்டன் காலம் முதல் ஒருவரைப் பார்த்து ஒருவர் எடுத்தாளும் பொதுச் சொத்தாகிவிட்டது. அந்தப் பெண்ணிடம் கேட்டார்களா என்ற கேள்வி எந்தப் போட்டியாளர் ஆய்விலும் இடம்பெறுவதில்லை.

## தீராதவை

இதுவரை பார்த்த சான்றுகளை வைத்து ஓரளவு நிதானமாகச் சொல்லக்கூடியது: வடிவத்தையும் வழக்கத்தையும் கடன் வாங்குவதில் ஆபத்து குறைவு, உரிமைகோரலைக் கடன் வாங்குவதில் பயன் குறைவு. எந்த விளம்பரம் வென்றது என்று நூலகத்தைப் பார்த்து அறிய முயல்வதைவிட, யார் எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பது கூடுதல் நம்பகமானது. இந்த இரண்டாவது கருத்துக்கும் ஒரு பெரிய ‘ஆனால்’ உண்டு.

கருவி மாறிக்கொண்டிருக்கிறது. பார்ப்பவருக்கு ஏற்பப் படத்தையும் வாசகத்தையும் தானே மாற்றியமைக்கும் தானியங்கி வசதிகளை, பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா 2022 முதல் விரிவாக்கிவருகிறது. நூலகத்தில் நாம் காணும் வடிவம்தான் லுணுகலையில் ஒருவர் கைப்பேசியில் வந்ததா என்பது இனி உறுதியில்லை. ஐரோப்பாவில் உள்ளது போன்ற வெளிப்படைத்தன்மை இலங்கை விளம்பரங்களுக்கும் வந்தால் செலவும் எட்டிய அளவும் தெரியும். அது சிறு வியாபாரிக்கு உதவுமா, அவரைக் கண்காணிக்கும் பெரிய நிறுவனத்துக்கு அதிகம் உதவுமா என்று இப்போது சொல்வதற்கில்லை.

வெற்றிடத்தை எப்படிப் பொருள்கொள்வது என்பது இன்னும் கடினமான கேள்வி. ஒரு பொருளுக்குத் தமிழில், தோட்டப் பகுதிகளைக் குறிவைத்து ஒரு விளம்பரமும் நூலகத்தில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். இதுவரை யாரும் முயலவில்லை என்று அதைப் படிக்கலாம். பலர் முயன்று தோற்று நிறுத்திவிட்டார்கள் என்றும் படிக்கலாம். நின்றுபோன விளம்பரத்தை இலங்கை நூலகம் வைத்திருப்பதில்லை என்பதால் இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். ஒரு துறையின் விளம்பரங்களைத் தேயிலைப் பருவம், தீபாவளி, பரீட்சைக் காலம் என்று இரண்டு மூன்று ஆண்டு வாராவாரம் பார்த்துப் பதிவுசெய்துவந்தால் இதற்கு விடை கிடைக்கத் தொடங்கும். தனி வியாபாரியால் ஆகக்கூடிய வேலை அல்ல அது. 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பதுளையிலேயே இருக்கிறது, தரகர்களின் ஏல அறிக்கை போல அப்படியொரு பதிவை வெளியிடுவது அத்தகைய நிறுவனமொன்றால் முடியும்.